குளிராத பெட்டிக்கும் தவணை கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டத்தில் வசிக்கிறேன். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, நாளொன்றுக்கு முப்பது பாக்கெட் வரை அக்கம்பக்கத்திலும் இரண்டு பெட்டிக்கடைகளிலும் விற்று வருகிறேன். ஆடித் தள்ளுபடியில் 36,000 ரூபாய்க்கு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கினேன். கையிலிருந்து 6,000 ரூபாயும் செயலாக்கக் கட்டணம் 699 ரூபாயும் கட்டினேன். மீதி 30,000 ரூபாயை, கடையிலேயே மேசை போட்டு அமர்ந்திருந்த நிதி நிறுவனப் பிரதிநிதி, வட்டியில்லாத் தவணையாக மாதம் 3,000 வீதம் பத்து மாதத்துக்குப் போட்டுக் கொடுத்தார். பத்தொன்பதாம் நாளே கீழ்ப்பகுதி குளிரவில்லை. மெக்கானிக் மூன்று முறை வந்து, இரண்டு முறை கேஸ் ஏற்றி, ஒரு முறை போர்டு மாற்றினார். நான்கைந்து நாளில் மீண்டும் அதே கதை. கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். கம்பெனியோ உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது என்று குறுஞ்செய்தி அனுப்புகிறது. கடைசியாக வந்தவர் ஜாப் ஷீட்டில் 'வணிகப் பயன்பாடு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மூன்று தவணைகள் போய்விட்டன. நான்காவதை நிறுத்திவிடலாமா? கடன் கொடுத்தவரையே பொறுப்பாக்கலாம் என்று லண்டனில் இருக்கும் என் தம்பி சொல்கிறான். அது சரியா?

பதில்: மதிப்பிற்குரிய சகோதரிக்கு, உங்கள் கேள்விகளில் அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான்காவது தவணையை நிறுத்த வேண்டாம். வங்கிக்குச் சென்று தானியங்கிப் பற்று உத்தரவை ரத்து செய்யவும் வேண்டாம். ஓடாத பொருளுக்கு மாதந்தோறும் பணம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு எரிச்சலூட்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் இத்தகைய வழக்குகளோடு வருபவர்களில் பலர், வலுவான புகாரைக் கையில் வைத்துக்கொண்டே, தவணையை நிறுத்திய ஒரே காரணத்தால் தாங்களே பதில் சொல்ல வேண்டிய இடத்துக்குப் போய்விட்டவர்கள்.

அன்று கடையில் ஒரே மேசையில், அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்ததால் அது ஒரே வியாபாரம் போலத் தோன்றுகிறது. சட்டத்தின் கண்ணில் அங்கே மூன்று தனித்தனி உறவுகள் ஏற்பட்டிருக்கின்றன. பெட்டியை விற்றவர் கடைக்காரர். பழுதானால் சரிசெய்து தருவதாக வாரண்டி அட்டையில் எழுதிக் கொடுத்தவர் தயாரிப்பாளர். 30,000 ரூபாய் கடன் கொடுத்தது நிதி நிறுவனம். கடன் ஒப்பந்தத்தை நீங்கள் பெரும்பாலும் படித்திருக்க மாட்டீர்கள். கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொன்னதுதான் உங்கள் கையெழுத்து. பொருளில் பழுது இருந்தாலும், கடையோடு தகராறு இருந்தாலும், தவணை கட்டும் கடமை மாறாது என்ற வாசகம் அத்தகைய ஒப்பந்தங்களில் அநேகமாக இருக்கும். எனவே தவணை நின்றால், வங்கி ஒருபுறமும் நிதி நிறுவனம் மறுபுறமும் பற்றுத் திரும்பியதற்கான கட்டணம் போடும். தாமதக் கட்டணம் தனியாக ஏறும். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிராகத் தவறிய தவணை ஏறிவிடும். கணக்கில் பணமில்லாமல் மின்னணுப் பற்று திரும்பினால், செக் திரும்பியதற்கு ஒப்பான குற்ற நடவடிக்கைக்கும் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. 3,000 ரூபாய்க்காக எல்லோரும் அந்த அளவுக்குப் போவதில்லைதான். போகக்கூடிய வழியை நாமாகத் திறந்துவிட வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் தம்பி சொல்வது லண்டனுக்குச் சரி. பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்கு மிகாத விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டிலோ, கடையோடு இணைந்த கடனிலோ வாங்கியவர், விற்றவரிடம் கேட்கக்கூடிய இழப்பீட்டைக் கடன் கொடுத்தவரிடமும் கேட்கலாம் என்கிறது. நம் நாட்டில் அதற்கு இணையான பொதுவிதி கிடையாது. கடன் கொடுத்தவர் தம் சேவையில் செய்த குறைக்குத்தான் பொறுப்பு; கம்ப்ரஸர் ஓடாததற்கு அல்ல. இந்த விஷயத்தில் நம் சட்டம் பின்தங்கியிருக்கிறது என்பது என் கருத்து. கடன் தருபவரின் ஆளைக் கடைக்குள்ளேயே உட்கார வைத்து விற்பனை செய்துவிட்டு, பழுது என்றவுடன் 'அவர் வேறு, நாங்கள் வேறு' என்று சொல்ல இருவரையும் அனுமதிப்பது நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் வழக்கை இருக்கும் சட்டத்தை வைத்துத்தான் நடத்த முடியும்.

இனி, உங்களுக்குச் சாதகமானவற்றைப் பார்ப்போம். அவை நிறையவே இருக்கின்றன. தவணை முடியாமல் புகார் சொல்ல முடியாது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(7), முழு விலை கொடுத்தவரை மட்டுமின்றி, ஒரு பகுதி கொடுத்து மறுபகுதிக்கு உறுதி சொன்னவரையும், தவணை முறையில் வாங்கியவரையும் நுகர்வோர் என்றே கொள்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றைக் கடைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்: தவணை உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. பெட்டி உங்கள் வீட்டுக்கு வந்த சில நாட்களுக்குள் நிதி நிறுவனம் அவருடைய கணக்கைத் தீர்த்திருக்கும். ஆகவே நீங்கள் தவணையை நிறுத்தினால் வலிப்பது நிதி நிறுவனத்துக்கும் உங்களுக்குமே தவிர, குறையுள்ள பொருளை விற்றவருக்கு அல்ல.

'விற்ற சரக்கு வாபஸ் பெறப்பட மாட்டாது' என்று ரசீதின் அடியில் அச்சடித்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை, அதே சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. உங்கள் பெட்டி பத்தொன்பதாம் நாளே மக்கர் செய்தது என்பதால் இந்த 30 நாள் கணக்கு உங்களுக்கு உதவும். ஆனால் அந்த நாட்களுக்குள் புகார் செய்ததற்கு ஏதாவது ஓர் எழுத்துச் சான்று, குறைந்தபட்சம் புகார் எண் வந்த குறுஞ்செய்தியாவது, இருக்க வேண்டும். தேடிப் பாருங்கள், அழித்துவிடாதீர்கள்.

'வணிகப் பயன்பாடு' என்று எழுதப்பட்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கில் எதிர்தரப்பு பிடித்துத் தொங்கப்போவது இதைத்தான். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்பது உண்மையே. ஆனால் சுயதொழில் மூலம் தம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரை அந்த விலக்குக்குள் கொண்டுவரக்கூடாது என்று, நுகர்வோர் யார் எனச் சொல்லும் அந்த 2(7) பிரிவின் விளக்கம் சொல்கிறது. பழைய சட்டத்திலும் இருந்த இந்த விளக்கத்துக்கு 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொருள் சொன்னபோது, தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவரை உதாரணம் காட்டி, அவர் நுகர்வோரே என்றும், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போய்விடாது என்றும் கூறியது. நாளுக்கு முப்பது பாக்கெட் மாவு விற்கும் நீங்கள் அந்த வரையறைக்குள் வசதியாக அடங்குவீர்கள். மாவு விற்பதை மறைக்க முயலாதீர்கள். 'என் பிழைப்புக்காக, நானே அரைத்து விற்கும் மாவை வைக்கவும் வீட்டுத் தேவைக்கும் வாங்கினேன்' என்று, நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் கொடுக்கும் புகாரின் இரண்டாம் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் அது உங்களைப் பொய்யராகக் காட்டும். முன்னால் சொன்னால் அதுவே உங்கள் வாதம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சட்டப்படி நீங்கள் நுகர்வோர் என்றாலும், வாரண்டி அட்டையில் வணிகப் பயன்பாட்டுக்கு வாரண்டி செல்லாது என்று அச்சிட்டிருந்தால், தயாரிப்பாளர் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்ப்பார். அதற்கு இரண்டு மறுமொழிகள் இருக்கின்றன. மாவு வைத்ததால் கேஸ் கசியாது, போர்டும் எரியாது, பயன்பாட்டுக்கும் பழுதுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்பவர்தான் அதை விளக்க வேண்டும். முதல் இரண்டு வருகைகளில் ஒன்றும் சொல்லாமல் வாரண்டியிலேயே கேஸ் ஏற்றிவிட்டு, மூன்றாம் முறை மட்டும் இதை எழுதியது ஏன் என்றும் கேளுங்கள். கடைக்காரருக்கோ இந்த அட்டை உதவவே உதவாது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆவது பிரிவின்படி, அத்தகைய சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. வாங்கும்போது, 'மாவு பாக்கெட் அடுக்க வேண்டும், எது தாங்கும்?' என்று விற்பனையாளரிடம் கேட்டு, அவர் காட்டிய பெட்டியை நம்பி எடுத்திருந்தால், குறிப்பிட்ட பயனுக்குப் பொருத்தமானது என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்ளும். நீங்களாகவே ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் மட்டும் இந்தக் கூடுதல் வாதம் எடுபடாது.

அடுத்து, 'புகார் தீர்க்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி. இது எப்படி வருகிறது தெரியுமா? வேலை முடிந்ததும் மெக்கானிக், 'அக்கா, ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க' என்று கேட்பார். அவருக்கு அன்றைய கணக்கை முடிக்க வேண்டும்; நாமும் பாவம் என்று சொல்லிவிடுவோம். அந்த எண்ணைச் சொன்ன கணத்தில், குறை நீங்கிவிட்டதாக நீங்களே ஒப்புக்கொண்ட பதிவு கம்பெனியின் கணினியில் ஏறிவிடுகிறது. நாளை ஆணையத்தின் முன் அதைத்தான் அச்செடுத்துக் கொடுப்பார்கள். இனி யார் வந்தாலும், பெட்டி ஒரு முழு இரவு ஓடிக் குளிர்ந்ததைப் பார்த்த பிறகே எண்ணைத் தருவதாகச் சொல்லுங்கள். ஜாப் ஷீட்டில் என்ன பழுது, என்ன செய்தார் என்பதை எழுதச் சொல்லி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சொல்லிவிட்ட மூன்று எண்களால் வழக்கு கெட்டுவிடாது. மூன்று முறை 'தீர்ந்த' புகார் நான்காம் முறையும் வந்தது என்பதே, அது ஒரு முறையும் தீரவில்லை என்பதற்கு நல்ல சான்று.

இன்னொரு சான்றை நீங்களே உண்டாக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரைப் பெட்டியின் நடுத்தட்டில் வைத்து, அதற்குள் ஒரு வெப்பமானியை நிறுத்தி, ஒரு வாரம் காலையிலும் இரவிலும் அளவைக் குறித்து, ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுங்கள். சரியாக ஓடும் பெட்டியில் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 3 முதல் 5 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். உங்கள் குறிப்பேட்டில் 12, 14 என்று தொடர்ந்து வந்தால், அதை மறுத்துப் பேசுவது கடினம். புளித்துப் போய்க் கொட்டிய மாவையும் தேதி வாரியாக எழுதி வையுங்கள். அரிசி, உளுந்து வாங்கிய சீட்டுகள் இருந்தால் சேர்த்துக் கொள்ளுங்கள். இழப்பீடு கேட்கும்போது 'மிகுந்த நஷ்டம்' என்று எழுதுவதைவிட, இந்தத் தேதியில் பதினெட்டுப் பாக்கெட் என்று எழுதுவதற்கு மதிப்பு அதிகம்.

இவற்றைச் சேர்த்துக்கொண்டு, கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரே அறிவிப்பை ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி, நிதி நிறுவனத்துக்கு நகல் போடுங்கள். வழக்கறிஞர் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. ரசீது எண், பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வரிசை எண், மூன்று புகார் எண்கள் ஆகியவற்றைக் குறித்துவிட்டு, சாரமாக இப்படி எழுதலாம்: 'வாங்கிய பத்தொன்பதாம் நாளிலிருந்து மூன்று முறை பழுது பார்த்தும் குறை நீங்கவில்லை. இனிப் பழுதுபார்ப்பை நான் ஏற்கவில்லை. 15 நாட்களுக்குள் பெட்டியைத் திரும்பப் பெற்று, நான் செலுத்திய முன்பணம், செயலாக்கக் கட்டணம், தவணைகள் ஆகியவற்றை எனக்கும், நிலுவைக் கடனை நிதி நிறுவனத்துக்கும் செலுத்த வேண்டும். கடன் பதிவு கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் தவணை செலுத்தி வருகிறேன்.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பணம் கட்டிக்கொண்டே இருந்தீர்களே, அப்போது பொருளை ஏற்றுக்கொண்டதாகத்தானே பொருள் என்ற கேள்விக்கு அது முன்கூட்டியே சொன்ன விடை.

அதே வாரத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் அல்ல, யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. இருந்தாலும், கம்பெனிகளின் கீழ்மட்ட வாடிக்கையாளர் சேவை கண்டுகொள்ளாத புகார், அந்த வழியாகப் போகும்போது மேல்மட்டத்தில் ஒருவரின் மேசைக்குப் போய்ச் சேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்கும் அசையாவிட்டால், திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், ரசீதில் வேறு ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்று அச்சடித்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் புகார் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு உரிமை தருகிறது. பொருளுக்காகக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் புகார்க் கட்டணம் கிடையாது. 2025 முதல் இயங்கிவரும் இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். கடன் ஒப்பந்தத்தில் தகராறுகள் நடுவர் மூலமே தீர்க்கப்படும் என்ற ஷரத்து இருந்தாலும் அது ஆணையத்தின் கதவை மூடாது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது.

கடைக்காரரை முதல் எதிர்தரப்பாகவும், தயாரிப்பாளரை இரண்டாவதாகவும், நிதி நிறுவனத்தை மூன்றாவதாகவும் சேருங்கள். கடன் தந்தவர் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று மேலே சொல்லிவிட்டு, அவரை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பெட்டியைத் திருப்பி எடுக்க உத்தரவானால், கடன் கணக்கை முடித்து நிலுவையில்லாச் சான்று தர வேண்டியவர் அவர். அவர் வழக்கில் இல்லாவிட்டால் அந்த உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தாது. தவிர, கேட்காத காப்பீட்டையோ நீட்டித்த வாரண்டியையோ கடனோடு சேர்த்திருந்தால், அது அவருடைய சேவைக் குறைபாடு. ஒப்பந்த நகலையும், கடனின் மொத்தச் செலவைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையையும் எழுதிக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்கு அந்த அறிக்கையை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நிதி நிறுவனத்தின் மீது தனியாகக் குறை இருந்தால், அதற்கு எழுதி 30 நாட்கள் காத்திருந்த பின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; ஆனால் அவர் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்ற புகாரைத் தொடமாட்டார்.

'வட்டியில்லாத் தவணை' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கம் கொடுத்திருந்தால் அதே பெட்டிக்குக் கடை எவ்வளவு குறைத்திருக்கும் என்று விசாரியுங்கள். அந்த வித்தியாசம்தான் நீங்கள் கொடுத்த வட்டி.

ஆணையத்திடம் கேட்க வேண்டியவை: 36,000 ரூபாயும் வட்டியும், அல்லது புதிய பெட்டி; அதோடு செயலாக்கக் கட்டணம், மாவு நஷ்டம், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. இவற்றை வழங்க அதே நுகர்வோர் சட்டத்தின் 39-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. தவணை வசூலை நிறுத்திவைக்க 38(8) பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவும் கேட்கலாம்; உங்கள் நிலையில் நான் அதை வற்புறுத்த மாட்டேன். எஞ்சியிருப்பவை ஏழு தவணைகள். பொருளைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீளும். இடைக்கால மனு மீதான வாதப் பிரதிவாதத்திலேயே பாதித் தவணைகள் கழிந்துவிடும். 3 லட்ச ரூபாய் வண்டிக் கடனாக இருந்தால் என் யோசனை வேறாக இருந்திருக்கும்.

அறிவிப்பு கிடைத்தவுடன் கடைக்காரர் சமரசத்துக்கு வரக்கூடும். வேறு பெட்டி தருகிறேன் என்றால், அதே மாடலா, புதிய வரிசை எண்ணுக்கு வாரண்டி அன்றிலிருந்து தொடங்குமா என்பதை எழுதி வாங்குங்கள். பணம் திருப்பித் தருகிறேன் என்றால், 'லோன் கேன்சல் ஆகிவிடும், நாளைக்கு வண்டி அனுப்புகிறேன்' என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பெட்டியை ஏற்றிவிடாதீர்கள். கடன் தீரும்வரை பொருள் நிதி நிறுவனத்துக்கு ஈடாக இருக்கும்படி உங்கள் ஒப்பந்தம் எழுதப்பட்டிருக்கலாம். பெட்டியும் போய்க் கடனும் நின்றால் நிலைமை இப்போதைவிட மோசம். நிலுவை முழுவதையும் கடைக்காரர் செலுத்தி, நிதி நிறுவனத்திடமிருந்து நிலுவையில்லாச் சான்று உங்கள் கைக்கு வந்து, நீங்கள் கட்டிய முன்பணமும் தவணைகளும் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு பெட்டியைக் கொடுங்கள். அதன்பின் இரண்டு மாதம் கழித்து, ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை எடுத்து, கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தவறாக இருந்தால் எழுத்தில் முறையிடுங்கள். 30 நாட்களுக்குள் திருத்தாவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.